டப்பாவில் போட்ட ஐநூறு

எங்க ஹோட்டல்ல டிப்ஸ் போட ஒரு பிஸ்கட் டப்பா, கல்லாவுக்குப் பக்கத்துல. கல்லாவுல நான். சில்லறை தீர்ந்தா ஐநூறு தாளை டப்பாவுல போட்டுட்டு, அதுக்குச் சரியா சில்லறை எடுத்துக்குவேன். மூணு வருஷமா இப்படித்தான் ஓடுது, மேனேஜருக்குத் தெரியாது. அவருக்கு அந்த டப்பா மேல எப்பவும் ஒரு கண்ணு. "இதையும் கல்லாவுல சேர்த்துடணும்"னு வாய்க்கு வாய் சொல்லுவார்.

நேத்து ஷிஃப்ட் முடிஞ்சு எண்ணினா கல்லாவுல ஐநூறு குறையுது. மூணு தடவை எண்ணிட்டேன்.

"நாளைக்குக் கையெழுத்து போட்டுடு, சம்பளத்துல பிடிச்சுக்கறேன்"னார் மேனேஜர், என்னமோ தலைவலி மாத்திரை குடுக்கற மாதிரி. எனக்குக் கோபம்கூட வரல. இந்த மாசச் சம்பளத்துல பையனுக்கு வாங்க இருந்த கண்ணாடி போச்சேன்னு மட்டும் தோணுச்சு. போர்டு தெரியாம பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதறான். காப்பியடிக்கிறான்னு வாத்தியார் திட்டறார்.

அப்புறம் வேலை செய்யற அஞ்சு பேரும் டப்பாவுல இருந்ததைப் பிரிச்சுக்கிட்டோம். ஆளுக்கு நூறு கூடவே வந்துச்சு. டப்பாவுல ஐநூறு தாள் கிடக்கறது சகஜம், யாரும் ஏன்னு கேக்கல. "இன்னைக்கு யார் முகத்துல முழிச்சோமோ"ன்னு சமையல்காரர் சிரிச்சார்.

பஸ்ல உக்காந்தப்புறம்தான் உறைச்சுது. மத்தியானக் கூட்டத்துல தாளை டப்பாவுல போட்டேன். அதுக்குள்ள ஒரு ஆள் பார்சல் கேட்டு உயிரை எடுத்தான். சில்லறையை எடுக்கவே இல்ல, மக்கு நான்.

காலையில மேனேஜர் பேப்பரை நீட்டினார். உடை மாத்தற ரூம் சுவத்துல ஒரு நோட்டீஸ் இருக்கு. டிப்ஸ் வேலை செய்யறவங்களுக்குச் சொந்தம், கையெழுத்து இல்லாம சம்பளத்துல பிடிக்கக் கூடாதுன்னு. எனக்கு மனப்பாடம்.

"போடலைன்னா?"

"போடாத. பணம் எங்க போச்சுன்னு கேமராவுல பார்த்துக்கலாம்."

கேமராவுல கல்லாவும் தெரியும், டப்பாவும் தெரியும். பார்த்தார்னா அதையே சாக்கா வச்சு டப்பாவைத் தூக்கிட்டுப் போயிடுவார். நோட்டீஸை நம்பி அவர்கிட்ட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல. கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சேன்.

பாத்திரம் கழுவற அக்கா ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு வந்தா. "நேத்து வந்த டிப்ஸ்ல எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை முழுசா வாங்கிட்டேன்டி. எப்பவும் பாதிதான் வாங்குவேன். நேத்து நல்ல நாள்தான், இல்ல?"

"ஆமாக்கா."

பையன்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே கல்லாவைத் திறந்தேன். சில்லறை கம்மியா இருந்துச்சு.