சூடுபடாத திருமேனி

பேரரசருக்கு வயது முப்பத்தொன்று. அவருடைய இடுப்புக்கோ எழுபதுக்குக் குறையாது. ஒன்பதாம் வயதில் அவரைக் கியோத்தோ அரண்மனையின் அரியணையில் அமர்த்தினார்கள். அன்று தொட்டு அவர் ஆற்றிய அரச காரியங்களுள் பெரும்பாலானவை அசையாமல் உட்கார்ந்திருப்பதாகவே இருந்தன. வாளேந்திய தலைவர்கள் கிழக்கே எங்கோ இருந்துகொண்டு நாட்டை ஆண்டார்கள். வெள்ளமும் பஞ்சமும் கலகமும் அவரைக் கேட்டு வரவுமில்லை, கேட்டுப் போகவுமில்லை. அவருக்கென்று தனியாக வாய்த்த உடைமை அந்த இடுப்பு வலி ஒன்றுதான்.

வலிக்கு மருத்துவம் இல்லாமலில்லை. மாசிபத்திரி இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, மிளகளவு உருட்டி, நோகிற இடத்துத் தோலின்மேல் வைத்துக் கொளுத்தினால் போதும். எருச் சுமக்கிறவன்கூட மாதம் ஒருமுறை சூடு வைத்துக்கொண்டு மறுநாள் வயலுக்குப் போய்விடுகிறான். பேரரசருக்கு மட்டும் அது விலக்கு. சூரிய தேவியின் வழித்தோன்றலுடைய திருமேனியில் தீப் படலாகாது, வடு விழலாகாது. அரியணையைத் துறந்தவருக்கு இத்தடை இல்லை. அவருடைய தந்தை முப்பத்துநான்கு வயதிலேயே முதுகுவலியென்று துறந்துவிட்டு, முதுகெல்லாம் சூட்டுத் தழும்போடு, ஐம்பத்தாறு வயதிலும் தெற்கு மாளிகை முற்றத்தில் பந்து உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்.

ஆகவே, பேரரசரும் துறந்துவிட முடிவு செய்து, முதலமைச்சர் மொரோஹிராவை அழைத்தார். மொரோஹிராவுக்கு அறுபது வயது. முன்னோர் நாட்குறிப்புகளில் இல்லாத எதையும் தம் வாழ்நாளில் செய்தறியாதவர்.

"பெரியவரே, பையனுக்கு மூணு வயசாச்சு. அவனை உக்கார வச்சுட்டு நான் எந்திரிச்சுக்கிறேன்."

"உத்தரவு மகாராஜா. ஆனா நீங்க குடிபோக வேண்டிய மாளிகை தெக்கால இருக்கு. திசைத்தெய்வம் இந்த வருஷம்தான் தெக்க வந்து தங்கியிருக்கு. மூணு வருஷத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாயைக்கூட நகர்த்தக் கூடாது."

"அதுவரைக்கும் என் இடுப்பு பொறுக்குமா?"

"அதைப் பத்திப் பஞ்சாங்கத்துல ஒண்ணும் சொல்லல, மகாராஜா."

ஆனாலும் முதலமைச்சர் கல்நெஞ்சர் அல்லர். மூன்று நாள்கள் வீட்டிலிருந்த பழைய ஏடுகளையெல்லாம் புரட்டினார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, பேரரசர் ஒருவர் தம் அங்கியால் உடலைத் தேய்த்து, அதன்மேல் மூச்சு விட்டு அனுப்ப, அந்த அங்கிக்குச் சாந்தி செய்து அவருடைய பீடையை நீக்கியதாக ஒரு குறிப்புக் கிடைத்தது. அங்கி பீடையைச் சுமக்குமானால் இடுப்பு வலியையும் சுமக்கும். அந்த அங்கியை அணிந்தவருக்கு வைத்த சூடு பேரரசருக்கு வைத்த சூடே ஆகும்! கற்றறிந்த பன்னிருவர் கூடி உட்கார்ந்து இதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கேனும் சிரிப்பு வரவில்லை. அணிகிறவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, விசுவாசத்தின் மிகுதியால் மொரோஹிராவே முன்வந்தார்.

நண்பகலில் சடங்கு நடந்தது. வைத்தியர் தோக்கான் இருபத்தோர் உருண்டைகளைக் கொளுத்தினார். அதைத் திரைமறைவிலிருந்து பார்த்த அந்தப்புரப் பணிப்பெண் ஹரிமா, பேரரசரிடம் ஓடிவந்தாள். நாற்பது வயதுக்காரி, பேரரசரிடம் வாய்க்கு வந்ததைப் பேசும் உரிமையைப் பத்தாண்டுப் பணியில் ஈட்டியிருந்தாள்.

"என்ன ஆச்சு, ஹரிமா?"

"மகாராஜாவுக்குப் பாவம், ரொம்ப வலிச்சுது. நாலாவது உருண்டைக்கே மகாராஜா 'ஐயோ அம்மா'ன்னு அலறிட்டீங்க. எட்டாவதுல வைத்தியரைத் திட்டினீங்க பாருங்க, அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எந்திரிச்சுக் கையை மேல தூக்கிப் பாத்தீங்க. ஆறு வருஷமா தூக்க முடியாத கை! சந்தோஷத்துல அழுதுட்டீங்க."

முதலமைச்சரின் தோள்வலி அன்றோடு தீர்ந்தது. அன்று மாலையே, 'திருமேனி முழு நலம் பெற்றது' என்று அரண்மனை நாட்குறிப்பில் எழுதினார்கள். எழுதியது எழுதியதுதான். மறுநாள் முதல் பேரரசர் முனகினால், ஏதோ கவிதைக்கு அடியெடுக்கிறார் என்று அவையினர் காகிதத்தோடு காத்திருந்தார்கள்.

புத்தாண்டு வந்தது. விடியற்காலைப் பனியில் பேரரசர் முற்றத்துக்கு வந்து நான்கு திசைகளையும் வணங்க வேண்டும். முதல் மூன்று திசைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார். நான்காவதற்கு மண்டியிட்டுக் குனிந்தவர் குனிந்தபடியே இருந்துவிட்டார். இடுப்பு பூட்டிக்கொண்டது. பேரரசர் எழாமல் எவரும் எழக்கூடாது. அவரைத் தொட்டுத் தூக்கவும் கூடாது. உடன் வணங்க வந்த அவையினர் எண்பது பேரும் பனியில் நெற்றியை வைத்துக் கிடந்தார்கள். கிழவர் ஒருவருக்கு இருமல் வந்து, அதையும் விழுங்கிக்கொண்டார். கிழக்கு நன்றாக வெளுத்த பிறகே பேரரசர் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையை ஊன்றி எப்படியோ எழுந்தார்.

"இப்படி ஒரு பக்திய எந்தக் காலத்துலயும் பாத்ததில்ல, மகாராஜா," என்றார் மொரோஹிரா, மூக்கு நீலம் பாரித்திருக்க. "ஏட்டுல ஏத்தியாச்சு. இனிமே வருஷா வருஷம் நாலாவது திசைக்கு இதே அளவு நேரம்தான்."

அறைக்குத் திரும்பிக் குப்புறப் படுத்த பேரரசர், தலையணையைப் பார்த்துப் பேசினார்.

"ஹரிமா, உன்கிட்ட மாசிபத்திரி இருக்கா?"

"இருக்கு. என் முழங்காலுக்கு வாங்கினது."

"வை."

"மகாராஜா, இது தெரிஞ்சா என்னை நாடு கடத்தித் தீவுக்கு அனுப்பிருவாங்க."

"தெரியணும்னுதான் வைக்கச் சொல்றேன். மேனி கெட்டுப்போச்சுன்னா அவங்களே என்னை இறக்கி விட்டுருவாங்க. திசைத்தெய்வத்தைக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க. உன்னை நான் தெக்கு மாளிகைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

ஹரிமா போய் மாசிபத்திரிப் பொட்டலத்தை எடுத்துவந்தாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தினாள்.

"கத்தக் கூடாது. முதலமைச்சர் மாதிரி வைத்தியர் வீட்டுப் பொம்பளைங்களை எல்லாம் இழுக்கக் கூடாது."

ஏழு உருண்டைகளை வைத்தாள். பேரரசர் அங்கியின் கையைக் கடித்துக்கொண்டார், பட்டு கிழிந்தது. ஏழாவது எரிந்து தணிந்தபோது, இடுப்புக்குள் நெடுங்காலமாக முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. அவர் எழுந்து நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார், யாரும் பார்க்காத துணிவில் காற்றை ஓர் உதை உதைத்தார்.

மறுநாள் காலை மொரோஹிராவை வரவழைத்து, முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னார்:

"பெரியவரே, என் உடம்புல ஏழு சூடு இருக்கு. மேனி கெட்டுப்போச்சு. துறவு ஓலையை எழுதுங்க."

முதலமைச்சர் பாயைப் பார்த்தபடியே கேட்டார்.

"யார் பாத்தாங்க, மகாராஜா?"

"நானே சொல்றேனே!"

"முதுகை மகாராஜாவால பாக்க முடியாது. வைத்தியர் திரைக்கு வெளியிலிருந்து நாடி மட்டும்தான் பாக்கலாம். எங்களுக்கு நிமிர்ந்து முகத்தைப் பாக்கவே அனுமதி இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சூடு இருக்குன்னு வச்சுக்குவோம். அப்ப அதை வச்ச கைன்னு ஒண்ணு இருக்கணுமில்ல? அந்தக் கைக்கு ஓக்கித் தீவுதான். பனிக்காலத்துக் கடல். போய்ச் சேர்றவங்க பாதிப்பேர்தான். நீங்க தெக்கால குடிபோறதுக்கு முன்னாடியே அவங்க படகு ஏறிடுவாங்க."

திரைக்கு அப்பால் ஹரிமாவின் ஆடை சரசரத்தது; பிறகு நின்றுவிட்டது. பேரரசர் அத்திசையைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே சாட்சியாகிவிடும். தெற்கு மாளிகையின் முற்றம் ஒரு கணம் அவர் மனத்தில் வந்து போயிற்று. தந்தையாரின் பந்து உயர எழும்பியது. அது கீழே வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

"சூடு எதுவும் இல்ல," என்றார்.

"திருமேனி மாசற்றது," என்று மொரோஹிரா நிம்மதியாகத் தலைதாழ்த்தினார்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன். நேத்து நடக்காதது ஒவ்வொரு மாசமும் பத்தாம் தேதி நடக்காம இருந்தா, உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா?"

முதலமைச்சர் தம் தோளைத் தடவிக்கொண்டார். அதுவும் மறுபடி லேசாக வலிக்கத் தொடங்கியிருந்தது.

"நடக்காததுக்கு அனுமதி கேட்டதா ஏட்டுல எங்கயும் இல்ல, மகாராஜா."

மூன்று ஆண்டுகள் கழிந்து திசைத்தெய்வம் தெற்கைவிட்டு நகர்ந்தது. பேரரசர் துறவுப் பேச்சை மீண்டும் எடுத்தார். அவை கூடி ஆராய்ந்தது. சென்ற மூன்றாண்டுகளில் திருமேனிக்குத் தலைவலி வந்ததாகக்கூடக் குறிப்பு இல்லை. இவ்வளவு நேராக உட்காரும் பேரரசர் முன்னெப்போதும் இருந்ததில்லை. நலமாயிருப்பவர் துறந்ததற்கு முன்னுதாரணமும் இல்லை. ஆகவே அவர் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் அரியணையில் அமர்ந்திருந்தார்.

ஒவ்வொரு மாதமும் பத்தாம் நாள் அந்த அறையின் கதவு சாத்தப்படும். கசப்பு மணமுள்ள புகை கூடத்துக்குள் தவழ்ந்து வரும். உயர்குடிப் பிரபுக்கள் கண்ணை மூடி அதை நுகர்ந்து, அது எந்த நாட்டு அகில் என்று தங்களுக்குள் வாதிடுவார்கள். உள்ளே குப்புறப் படுத்திருக்கும் பேரரசருக்கு அவர்கள் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கும்.

"சிரிச்சீங்கன்னா உருண்டை விழுந்துரும்," என்பாள் ஹரிமா.