ஆடாத கோல்கீப்பர்

பனி ஹாக்கியில் மாற்று கோல்கீப்பருக்கு ஆட்டத்தின்போது ஒரே ஒரு வேலைதான். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பனித்தளத்துக்குப் போகிறவர்களுக்கும் களைத்துத் திரும்புகிறவர்களுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும். இலையுதிர்காலம் தொடங்கியதிலிருந்து ரொதியோன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"கதவ என்னமா தெறக்குற பெரிசு! மாஸ்கோவுல பெரிய ஓட்டலாப் பாத்து சேந்துக்கோ," என்பான் அணித்தலைவன் க்லேப், மூச்சிரைக்க வந்து விழுந்தபடி.

"உன் வேர்வ நாத்தத்துக்கு ஜன்னலையும் சேத்துத் தெறக்கணும்டா."

சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். உரால் மலையடிவாரத்து அந்த உருக்காலை நகரத்தில் எட்டு ஆண்டுகள் கோல் வலையைக் காத்தவன் அவன். வசந்தத்தில் ஒப்பந்தம் முடிந்தது. கனடாவில் ஓர் அணி அழைத்தது, கையெழுத்துப் போட்டான். வீடு பார்த்துவைக்க மனைவி ஜோயாவும் மகள் வார்யாவும் முன்னால் போனார்கள். பின்னாலேயே அவன் போகவேண்டியதுதான். அதற்குள் கிளப் சொன்னது: ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

கனடா லீக், 'உங்கள் நாட்டு ஹாக்கி சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் களமிறக்க முடியாது' என்றது. உலக ஹாக்கி அமைப்போ, 'சம்மேளனத்திடமே கேளுங்கள்' என்றது. சம்மேளனம், 'விசாரணை முடியும்வரை நீ கிளப்பின் ஆள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கவசம் உடுத்திக்கொண்டு உட்கார வேண்டும். வராவிட்டால் உலகத்தில் எங்குமே ஆடத் தடை' என்றது.

அவனுடைய வக்கீலம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "உடுத்துங்க, உக்காருங்க. ஆனா ஒரு நிமிஷங்கூட ஆடிடாதீங்க. ஆடினா, நீட்டிப்ப ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வராமல் இருந்தால் குற்றம்; வந்து ஆடினால் தோல்வி. நடுவில் ஒரு பெஞ்ச் அளவு இடம் அவனுக்கு விடப்பட்டிருந்தது.

கிளப் இயக்குநர் அர்காதி லிவோவிச் அவனை மிரட்டியதே இல்லை. நடைவழியில் பார்த்தால் தோளைத் தட்டி, இப்போது வலையில் நிற்கும் இளைஞனைப் பற்றிப் பேசுவார். "திமூர் நல்லா ஆடுறான் இல்ல? சின்ன வயசு. ஆனா கோல்கீப்பர் முழங்காலு, நம்ம கையிலயா இருக்கு? பாப்போம்." அவ்வளவுதான். காத்திருக்கத் தெரிந்த மனிதர்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள்களில் அணி முழுவதையும் பைன் காட்டுக்குள் இருக்கும் முகாமில் அடைத்துவிடுவார்கள். அங்கே படுத்திருக்கும்போதுதான் ரொதியோனுக்குத் தன்மேல் பயம் வந்தது. மகளை நினைக்கலாம் என்று கண்ணை மூடுவான். வார்யாவின் முகம் வரும். ஆனால் அதற்கு முன்பே வந்து நிற்பது புதிதாய் நீர்விட்டு உறைந்த பனியின் வாசனை. இரண்டில் எது பெரிது என்று யாரும் கேட்காதவரை அவன் நல்ல தகப்பன்தான். கேட்காமலே அவனுக்குள் யாரோ எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று எதிரணி அண்டை நகரத்து அணி. அரங்கத்தில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, வலைக்கு முன் நடந்த தள்ளுமுள்ளில் திமூர் கால் பிசகி விழுந்தான். எழவில்லை. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியில் நெற்றியை முட்டினான்.

ரொதியோன் கதவைத் திறந்தான். மருத்துவருக்காகத்தான் திறந்தான். அவர் போனார். அவர் பின்னால் தானும் பனியில் நிற்பதை, கூட்டம் தன் பெயரைச் சொல்லிக் கூவியபோதுதான் உணர்ந்தான். முகமூடி முகத்தில் இருந்தது. எப்போது மாட்டினான் என்று தெரியவில்லை. வலை காலியாக இருந்தால் கோல்கீப்பரின் உடம்பு யாரையும் கேட்பதில்லை.

"ரொதியோன்!" பயிற்சியாளர் ஸ்தெபானிச் தடுப்பின் மேல் குனிந்தார். "நில்லு. ஆட்டம் இன்னும் மறுபடி ஆரம்பிக்கல, திரும்பி வந்துடு. வலைய நான் காலியா விட்டுட்டு ஆறு பேரயும் முன்னால ஆடவெச்சு சமாளிச்சுக்கிறேன்."

"தோத்துடுவீங்க, ஸ்தெபானிச்."

"தோப்போம். அது என் தலவலி. மேல இருந்து ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான், தெரியுமில்ல? வந்து உக்காருடா, மடையா!"

நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. மேலே கண்ணாடி அறைக்குள் அர்காதி லிவோவிச் எழுந்து நின்றிருப்பார். இருவர் தோளில் தொங்கியபடி திமூர் கடந்து போனான். கண்ணெல்லாம் நீர். "அண்ணே, மன்னிச்சிடுண்ணே," என்றான். ரொதியோன் ஆடினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. க்லேப் வந்தான், வழக்கம்போல மட்டையால் ரொதியோனின் கால் கவசத்தைத் தட்டக் கையை ஓங்கியவன், தட்டாமல் இறக்கிக்கொண்டான். "பெஞ்சுக்குப் போயிடு பெரிசு," என்றான் மெதுவாக.

நடுவர் ஆட்டத்தின் ரப்பர் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

திரும்பிப்போக நேரம் இருந்தது. பின்னாளில் அவன் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான். உடம்பு செய்தது பிழை; அதைத் திருத்திக்கொள்ள அவனுக்கு அவகாசம் கொடுத்தார்கள். அவன் வலைக்குப் போய், இரண்டு கம்பங்களையும் மட்டையால் தட்டி, வலைக்கு முன் நீலமடித்த அரைவட்டத்தை ஸ்கேட்டால் கீறிச் சொரசொரப்பாக்கினான். மாதக்கணக்கில் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது. அந்த நிம்மதிதான் அவனைத் திகைக்கவைத்தது. அடைபட்ட இடத்திலேயே மூச்சு வருகிறதே!

விசில் ஒலித்தது. கடைசிவரை ஒரு வட்டும் அவனைத் தாண்டவில்லை.

உடைமாற்றும் அறை ஆர்ப்பாட்டமில்லாமல் இருந்தது. ஜெயித்த அணியில் அப்படியொரு அமைதியை அவன் கண்டதில்லை. அர்காதி லிவோவிச் வந்து கைகுலுக்கினார். "வீட்டுக்கு வந்துட்ட," என்றார் அன்பாக.

குளியலறைப் பக்கம் ஒதுங்கி ஜோயாவை அழைத்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"பாத்தேன்," என்றாள், அவன் பேசுமுன்.

"திமூருக்கு முழங்கால்..."

"அதயும் பாத்தேன். ஸ்தெபானிச் உன்ன உக்காரத்தானே சொன்னாரு? கையக் காட்டுறது டிவில தெரிஞ்சுது."

இல்லை, அவர்தான் போகச் சொன்னார் என்று சொல்லிவிடலாம். இரண்டு ஆண்டுக்கு அந்தப் பொய் போதும். ஸ்தெபானிச்சும் காட்டிக்கொடுக்க மாட்டார்.

"ஆமா," என்றான்.

அவள் அழவில்லை. "நீ எழுந்தப்போ நான் கோவப்படல, ரோத்யா. உன் உடம்பு எனக்குத் தெரியாதா? அப்புறம் நின்னு யோசிச்ச பாரு, அதத்தான் பாத்துட்டே இருந்தேன். யோசிச்சுட்டு அந்தப் பக்கமாப் போனே."

"ஜோயா, நான் வந்துடுவேன். ரெண்டு வருஷந்தானே."

"வார்யாவுக்கு இங்க பிடிச்சிருக்கு. நாங்க திரும்பி வரமாட்டோம். நீ வர்றதும் வராததும் இனி எங்களுக்காகன்னு சொல்லிக்காத, சரியா?"

"சரி," என்றது அவன் வாய்.

வெளியே க்லேப் கதவைத் தட்டினான். முகாமுக்குப் பேருந்து கிளம்புகிறது. நாளைக்கும் ஆட்டம், நாளைக்கு வலையில் அவன்தான். ரொதியோன் கவசங்களைக் கழற்றத் தொடங்கினான். அவிழ்த்த வார்களை, நாளைக்குச் சட்டெனக் கட்ட ஏதுவாக ஒழுங்காகச் சுற்றிவைத்தான். துக்கத்தை மறக்கத்தான் அப்படிச் செய்வதாக நம்ப முயன்றான்.