பேட்டரிக்கு ஒப்புதல்

கல்யாணராமன் இதுவரை யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. மத்திய அமைச்சகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில், தலைமுடி முழுவதையும் செலவழித்துச் சார்புச் செயலர் வரை வந்தவர். அந்த உலகத்தில் 'முடியாது' என்பது அநாகரிகமான வார்த்தை. சொன்னால் எதிராளி சண்டைக்கு வருவான், மேலிடத்துக்குப் போவான். அதற்குப் பதிலாகக் கோப்பில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினால் போதும். பதில் வரும், இன்னொரு கேள்வி எழுதலாம். கேட்டவனுக்கே ஆசை விட்டுப்போகும்வரை எழுதிக்கொண்டிருக்கலாம். இந்த முறையில் அவர் ஒரு மாடிக் கட்டடத்தையும், இணைச் செயலர் ஒருவருக்கு வரவேண்டிய ஏசியையும் யார் மனமும் நோகாமல் தடுத்திருக்கிறார்.

வீட்டிலும் அதே நடைமுறைதான். மகள் ஸ்வப்னா பள்ளியில் படித்தபோது மணாலி சுற்றுலாவுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். பஸ்ஸின் டயர் எந்த வருஷத்தியது என்று கேட்டார். அவள் விசாரித்துவிட்டு வருவதற்குள் பஸ் மணாலிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது.

அந்த ஸ்வப்னாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. நொய்டாவில் ஒரு செய்தி நிறுவனத்தில் வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறாள். சொந்தச் சம்பளத்தில், அப்பாவைக் கேட்காமல், மண்ணிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தாள். தில்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஸ்கூட்டிகளுக்கு நடுவே அது ஒட்டகம் மாதிரி நின்றது. போன குளிர்காலத்தில், ஃபரீதாபாத் தாண்டி ஆரவல்லிப் பாறை ஒன்றின் மேல், அது அவளைக் கீழே போட்டு இடது காறை எலும்பை முறித்தது. எலும்பு கூடிவிட்டது. கூடிய இடத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் மிச்சம். கூந்தலை அள்ளி முடியும்போது அது தெரியும். அந்த நேரங்களில் கல்யாணராமன் பேப்பரைத் தூக்கிப் பிடித்து டெண்டர் விளம்பரங்களை மிகக் கவனமாகப் படிப்பார்.

ஜூன் மாதம் அவளுடைய மோட்டார் சைக்கிள் குழு இமயமலையில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறது. அந்தக் குழுவில் ஒரே சட்டம்: விழுந்த வண்டியை விழுந்தவர்தான் தூக்கவேண்டும். வருகிற ஞாயிறு அதற்குப் பரீட்சை. தேறாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் படங்களுக்கு லைக் போடலாம். அடிபட்ட தோளை வைத்துக்கொண்டு ஸ்வப்னா வண்டியைப் பாதிவரை தூக்கினாள். மீதி பாதிக்கு அது சம்மதிக்கவில்லை. ஆகவே வண்டியின் எடையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். புடவை சிக்காமலிருக்க மாட்டியிருந்த கம்பி போயிற்று. பின்சீட்டுக் கைப்பிடி போயிற்று. கண்ணாடிகள், பின்சீட்டுக் கால்மிதிகள், டூல் பாக்ஸ் எல்லாம் பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் குடியேறின. மிச்சம் இருந்தது பேட்டரி. செங்கல் மாதிரி கனக்கும் பழைய ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டால் இரண்டு கிலோவுக்கு மேல் குறையும்.

ஆனால் ஸ்பிதிக்குப் போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. காபி நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, எந்த பேட்டரி வாங்கலாம்னு நீயே சொல்லு. பர்ச்சேஸ்ல உன்னை மாதிரி தெரிஞ்சவா யாரு இருக்கா?”

கல்யாணராமன் காபியை ஆற்றுவதை நிறுத்தினார். பொருளுக்கு ஒப்புதல் தந்தால் வேலைக்கே ஒப்புதல் தந்தது போல. ஆணி வாங்கக் கையெழுத்துப் போட்டவன் பிற்பாடு கட்டடம் வேண்டாமென்று சொல்ல முடியாது. இது அவருடைய துறை வித்தை. இவள் எங்கே கற்றாள்? சமையலறையில் மனைவி வைதேஹி சிரிப்பை அடக்க முடியாமல் குக்கரைத் திட்டினாள்.

“பார்க்கலாம்,” என்றார். “லித்தியம்னா தீப்பிடிக்குமே?”

கேள்விகள் ஆரம்பமாயின. ஸ்வப்னா இந்த வீட்டில் வளர்ந்தவள், அசரவில்லை. போனில் இருக்கிற லித்தியம் வேறு, வண்டிக்குப் போடுகிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வேறு, இது அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது என்று பதில் வந்தது. சார்ஜர்? பழைய சார்ஜரைப் போட்டால் கெட்டுப்போகும், அதற்கென்று தனியாக இருக்கிறது. குளிர்?

“குளிர்ல கொஞ்சம் மக்கர் பண்ணும்பா. ஹெட்லைட்டைப் போட்டு ரெண்டு நிமிஷம் வெச்சா உள்ளே சூடாயிடும். அப்புறம் ஸ்டார்ட் ஆயிடும்.”

“லைட்டைப் போட்டா பேட்டரி எறங்கத்தானே செய்யும்?”

“இது உல்டா. வேலை குடுத்தாத்தான் முழிச்சுக்கும்.”

“எங்க செக்ஷன்ல ஒத்தன் இருக்கான். வேலை குடுத்தா தூங்கிடுவான்,” என்றார் கல்யாணராமன், பேச்சை மாற்றுகிற நம்பிக்கையில். மாறவில்லை.

கேள்வி கேட்பதில் ஒரு ஆபத்து உண்டு: பதில்களைப் படிக்கவேண்டியிருக்கும். மதிய உணவு இடைவேளையில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் போனில் பேட்டரிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் லித்தியத்தின் உண்மையான கொள்ளளவு அல்ல, 'ஈய பேட்டரிக்குச் சமானம்' என்று கம்பெனிக்காரனே வைத்துக்கொண்ட கணக்கு, அசல் எண் ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த அன்று அவருக்கு வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம். எத்தனை காண்டிராக்டர்கள் அவரிடம் இதே எறும்பு எழுத்தோடு வந்திருக்கிறார்கள்!

ஆனாலும் பரீட்சைக்கு முந்தைய நாள் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அவர் தம்முடைய ஆகச் சிறந்த கேள்வியை எடுத்தார்.

“எல்லாம் சரி. இப்ப இருக்கற பேட்டரியோட உன்னால தூக்க முடியலைங்கறதை யாரு பார்த்தா?”

கேட்டுவிட்டு மனதுக்குள் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார். அவள் தூக்கிவிட்டால் புது பேட்டரி எதற்கு? தூக்காவிட்டால், இப்படிப்பட்ட தோளோடு ஸ்பிதி எதற்கு? எந்தப் பதில் வந்தாலும் கோப்பு மூடப்படும்.

ஸ்வப்னா வண்டிச் சாவியை எடுத்தாள். “வா. கீழே வந்து பாரு.”

பார்க்கிங்கில் காலை வெயில் சாய்வாக விழுந்திருந்தது. அவள் வண்டியின் ஸ்டாண்டை எடுத்தாள், இரு கையாலும் பிடித்து, குழந்தையைப் படுக்க வைப்பது போல இறக்கப் பார்த்தாள். கடைசி ஜாணில் அது கைநழுவித் தடாலென்று விழுந்தது. தில்லியில் ஒரு பெண்ணின் வண்டி கீழே விழுந்தால் என்ன நடக்கும் என்பதை இருவரும் மறந்திருந்தார்கள்.

“அரே பேட்டா!” என்று முதல் மாடி பால்கனியிலிருந்து சோப்ரா அங்கிள் முகத்தில் ஷேவிங் நுரையோடு கிளம்பினார். காவல்காரர் பீடியை எறிந்துவிட்டு ஓடி வந்தார். மூன்றாவது மாடி வெங்கடேஸ்வரன், தணிக்கைத் துறை, கையிலிருந்த மதர் டெய்ரி பால் பாக்கெட்டுகளோடு வந்தார். “என்ன சார் நின்னு பார்த்துண்டிருக்கேள்! பிடிங்கோ அந்தப் பக்கம்!”

ஸ்வப்னா வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை அழுத்தி உட்கார்ந்த மாதிரி குனிந்திருந்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின்பக்கச் சட்டத்தில். “அப்பா, யாரும் தொடக்கூடாது,” என்றாள். “தொட்டா கணக்கில்லை.”

காவல்காரரின் கை வண்டியை எட்டிவிட்டது.

“பையா, ருக்கோ!”

அந்தக் குரல் தம்முடையதுதான் என்பது கல்யாணராமனுக்கே சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. இரண்டு கைகளையும் விரித்து, கிரிக்கெட் அம்பயர் வைடு கொடுப்பது போல, அவர் மகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றிருந்தார்.

“சார், கொழந்தை கஷ்டப்படறா,” என்றார் வெங்கடேஸ்வரன்.

“தெரியறது.”

“நாலு பேர் ஒரு கை குடுத்தா ஆச்சு.”

“வேண்டாம். நகருங்கோ.”

“கியா ஹுவா? ஜல்தி உடாவோ,” என்று சீக்கிரம் தூக்கச் சொல்லிக்கொண்டே நுரையோடு சோப்ரா வந்து சேர்ந்தார். அவரையும் தடுத்தாயிற்று. நல்ல மனிதர்களைத் தடுப்பது கெட்டவர்களைத் தடுப்பதைவிடக் கடினம். அவர்கள் நாலா பக்கத்திலிருந்தும் வருவார்கள். கல்யாணராமன் வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நகர்ந்து மறித்தார். இவர் மகள்மேல் கோபத்தில் இப்படிச் செய்கிறார் என்று கூட்டம் முடிவுகட்டியது. “பெண் குழந்தையைப் போய்…” என்று வெங்கடேஸ்வரன் முணுமுணுத்தார்.

முதல் முறை வண்டி பாதிவரை எழுந்து திரும்ப இறங்கியது. இரண்டாவது முறை அதற்கும் கீழே. ஸ்வப்னாவின் முகம் சிவந்துவிட்டது. சட்டைக் காலர் விலகி அந்தச் சின்ன மேடு தெரிந்தது. பேப்பர் கையில் இல்லாததால் கல்யாணராமன் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்று அவருடைய கைகள் துடித்தன. கூட்டத்திலேயே தடுக்க முடியாத ஆள் அவர்தான். பிடித்தால், அவளால் தூக்க முடியவில்லை என்றாகிவிடும், அவள் போகமாட்டாள். இவ்வளவு நாளாக அவர் விரும்பியது அதைத்தான். அது கைக்கெட்டும் தூரத்தில், பெட்ரோல் வாசனையோடு, கிடந்தது.

அவர் கைகளை இன்னும் நன்றாக விரித்துக்கொண்டார்.

“காலை உள்ளே வெச்சுக்கோ,” என்றார் திரும்பாமலே. “வண்டி தூக்கற வீடியோல அந்தப் பொண்ணு பாதத்தை வண்டிக்குக் கிட்டத்தில வெச்சுண்டிருந்தா.”

“நீ அதெல்லாம் பார்த்தியா?”

“மூச்சை வீணாக்காதே.”

மூன்றாவது முறை அவள் தோளை விட்டுவிட்டுக் காலாலேயே தூக்கினாள். குட்டிக் குட்டி அடியாகப் பின்னால் வைத்து, பல்லைக் கடித்து, வைதேஹிக்குத் தெரியக்கூடாத ஒரு ஹிந்தி வார்த்தையைச் சொல்லி நகர்ந்தாள். வண்டி பாதியைத் தாண்டியது. அதற்கப்புறம் அதற்கே வெட்கமாகிவிட்டதோ என்னவோ, சுலபமாக நிமிர்ந்து நின்றது.

சோப்ரா கைதட்டினார், நுரை நாலு பக்கமும் பறந்தது. மேலே பால்கனியில் நின்றிருந்த வைதேஹி, நடப்பது தனக்குத் தெரியாது என்பது போல உலர்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டாள்.

ஸ்வப்னா ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். கிர்ர்ர் என்றது. விழுந்து எழுந்த வண்டி உடனே கிளம்பாது. மறுபடி அழுத்தினாள். கிர்ர். மறுபடி. டக், டக். பழைய பேட்டரி அத்தோடு ராஜினாமா செய்தது. அந்த வண்டியில் கிக்கர் கிடையாது.

“இப்ப தள்ளலாமா?” என்றார் வெங்கடேஸ்வரன் மிகுந்த மரியாதையோடு.

கல்யாணராமன் ஏற்கெனவே வண்டிக்குப் பின்னால் போய்விட்டிருந்தார். “தக்கா!” என்றார். அத்தனை பேரும் அடக்கி வைத்திருந்த உதவியை ஒரேயடியாகக் கொட்டித் தள்ளியதில், வண்டி கிளம்பி, வளாகத்தின் வாசலில்தான் நின்றது.

மத்தியானம் அப்பாவும் மகளும் கரோல் பாகில் இருந்தார்கள். அவள் வழக்கமாகப் போகும் ஆரிப்பின் உதிரிபாகக் கடையில் ஹெல்மெட்டுகளுக்கு நடுவே நிற்க இடம் கிடைப்பதே பெரிய பாடு. ஆரிப் இரண்டு பேட்டரிகளை மேஜையில் வைத்தான். ஒன்று மிகச் சின்னது. டிபன் டப்பா அளவு. “இதைவிட லேசா இந்த வண்டிக்கு எதுவும் வராது அங்கிள்ஜி,” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, அதைக் காகிதம் மாதிரி தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டினான். இன்னொன்று அதைவிட அரை கிலோ அதிகம்.

ஸ்வப்னா சின்னதை எடுத்தாள். கல்யாணராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டின் ஓரத்தையும் படித்தார். எறும்பு எழுத்து. சின்னதின் அசல் கொள்ளளவு பெரியதில் பாதிகூட இல்லை.

“இதை வெச்சுடு,” என்றார். “பெரிசை எடுத்துக்கோ.”

“அப்பா, அரை கிலோ ஜாஸ்தி.”

“இருக்கட்டும். விழுந்து எழுந்தப்புறம் எத்தனை தடவை பட்டனை அழுத்த வேண்டியிருக்குன்னு காலம்பற பார்த்தோமே. சின்னது அதுக்குள்ள கையை விரிச்சுடும். அங்கே வெங்கடேஸ்வரனும் சோப்ராவும் வந்து தள்ளமாட்டா.”

“எடைக்காகத்தானே இத்தனையும் பண்றோம்?”

“அந்த அரை கிலோவை நீ தூக்கிடுவே.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஸ்வப்னா சின்னதை மேஜையில் வைத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டாள்.

“விடியக்காலம் எழுந்ததும் முதல்ல ஹெட்லைட்டைப் போடு,” என்றார் அவர். “ஒடனே பட்டனை அழுத்தாதே. அங்கே குளிரும்.”

“அங்கேன்னா?”

“ஸ்பிதியில. வேற எங்கே?” கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவர் ஆரிப்பின் பக்கம் திரும்பினார். “பையா, இதுக்கான சார்ஜர் தனியாத்தானே வரும்? அதையும் எடு.”