விலை ஒட்டாத ஃபிரிட்ஜ்

என் கணவருக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் 'கறார்'. அவர் பேரம் பேசாமல் எங்கள் வீட்டில் ஒரு பல்புகூட எரிந்ததில்லை. கடைத்தெருவில் ஐந்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருந்த காலத்தில் ஐந்திலும் ஏறி இறங்குவார். ஒவ்வொருவரையும் மற்ற நாலு பேரைச் சொல்லியே மிரட்டி, ஜெயித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். இப்போது மிஞ்சியது இரண்டே கடை. ஒரே கட்டடத்தின் முன்பக்கம் ஒன்று, பின்தெருவைப் பார்த்து இன்னொன்று. முன்கடை ஆட்களுக்கு நீலச் சட்டை, பின்கடைக்குச் சிவப்பு.

எங்கள் ஃபிரிட்ஜ் உயிரை விட்டு மூன்று வாரம் ஆகிறது. மாமனாரின் இன்சுலின் எதிர்வீட்டு டீச்சரின் ஃபிரிட்ஜில் குடியிருந்தது. காலையும் மாலையும் அவர் வீட்டு மணியை அடிப்பேன். அவர் முகம் கோணாமல்தான் திறப்பார், எனக்குத்தான் கூசும். அந்த டீச்சரும் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் மகளிடம் போகிறார்.

"இன்னைக்கும் ஃபிரிட்ஜ் வரலைன்னா, உன் புருஷனை ஐஸ்கட்டி மேல உட்கார வச்சு மருந்தை அவன் கையில குடுத்துடும்மா," என்றார் மாமனார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு கடைகளிலும் இருப்பது அதே இரண்டு மாடல்தான். விலை காகிதத்தில் இல்லை, குட்டித் திரையில் மின்னும். கறார் ஒவ்வொரு முறை போகும்போதும் அது ஏறியிருக்கும். ஏறிய விலைக்கு வாங்குவதா என்று திரும்பி வருவார், ராத்திரி சோறு இறங்காது. மறுநாள் இன்னும் ஏறியிருக்கும்.

இன்று அவர் ஒரு திட்டத்தோடு கிளம்பினார். அவர் முன்கடையில், நான் பின்கடையில். போனில் பேசிக்கொண்டே இரண்டையும் மோதவிட வேண்டும்.

"அங்க முப்பத்திரண்டாயிரம்தான் சொல்றாங்க," என்றேன் சிவப்புச் சட்டையிடம்.

"மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்க்கா," என்று அவர் உள்கதவைத் திறந்துகொண்டு போனார்.

போனில் கறார் கிசுகிசுத்தார். "இங்கயும் மேனேஜரைக் கேக்கப் போயிருக்கான். மாட்டிக்கிட்டானுங்க. விட்டுடாத!"

என் கண்முன்னே திரையில் எண் மாறியது. முப்பத்து மூவாயிரம்.

"ஏங்க, ஏறுதுங்க."

"ஐயோ, இங்கயும்!"

எனக்குப் பொறி தட்டியது. உள்கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சின்ன அறை. ஒரே மேஜை, ஒரே மேனேஜர். அந்தப் பக்கம் நீலச் சட்டை, இந்தப் பக்கம் சிவப்புச் சட்டை, மூவர் கையிலும் டீ. எதிர்க்கதவு வழியாகக் கறாரின் முதுகு தெரிந்தது. அவர் இன்னும் போனில் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க," என்று கூப்பிட்டேன். வந்தார். மேஜையைப் பார்த்தார், இரண்டு சட்டைகளையும் பார்த்தார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது. இன்னொரு கடையைக் காட்டிப் பேசுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை. இன்னொரு கடையே இல்லையே.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லியிருக்கலாமே," என்றார் மெதுவாக.

"யாரும் கேக்கலையே சார். விலையும் என் கையில இல்ல. நிறைய பேர் விசாரிச்சா மெஷினே ஏத்திடும். மூணு வாரமா யாரோ தினம் வந்து விசாரிச்சுட்டு வாங்காமப் போறாங்க," என்றார் மேனேஜர்.

அந்த யாரோ தரையைப் பார்த்தார்.

மணி நாலாகிவிட்டது. எனக்கு அழுகையே வரும்போல் இருந்தது. அப்போது நீலச் சட்டை பால் எடுக்க மூலையில் ஒரு கதவைத் திறந்தார். டீக்கறை படிந்த பழைய ஃபிரிட்ஜ். உள்ளே நல்ல குளிர். அதில் திரை ஏதும் இல்லை.

"இது என்ன விலை?" என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இது எங்களுக்குன்னு வச்சிருக்கறதும்மா. இதுக்கு விலையே கிடையாது," என்றார் மேனேஜர். பிறகு தலையைச் சொறிந்தார். "இருபதாயிரம்னு... வச்சுக்கலாமா?"

கறார் நிமிர்ந்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் வாயைத் திறந்து விலை சொல்லியிருக்கிறார். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். கதவு ரப்பரைக் கிள்ளிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், வேண்டாம் என்று இரண்டு முறை வாசல்வரை நடந்தார். போவதற்கு வேறு கடை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மேனேஜர் இரண்டு முறையும் ஓடிவந்து கூப்பிட்டார். அவருக்கும் இப்படிப் பேசி நாளாகியிருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பு. பதினாலாயிரத்துக்கு முடிந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபிரிட்ஜ் வீடு வந்து சேர்ந்தது. அது குளிரும்வரை தாங்கட்டும் என்று டீச்சர் மருந்தை ஐஸ் பையில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கறார் கூடத்தில் நின்று அக்காவுக்குப் போன் போட்டார்.

நான் துடைப்பதற்காகக் காய்கறித் தட்டை உருவினேன். அதன் அடியில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. ஐந்து கடைகளும் இருந்த வருஷத்துத் தேதி. புத்தம் புதிதாக இருந்தபோது அதன் விலை: பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.

மாமனார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டார். "ஆறாயிரம் குறைச்சேன்க்கா!" என்று கூடத்தில் கறாரின் குரல் கேட்டது.

மாமனார் சீட்டைப் பிய்த்து எடுத்து, நாலாகக் கிழித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மருந்தை உள்ள வைம்மா," என்றார். "என் பிள்ளை இன்னைக்காவது நல்லா சாப்பிடட்டும்."