கடைசி அத்தியாயத்தில் வருகிறவன்

நான் எழுத்தாளரானது காவல் நிலையத்தில்தான். வேலைக்குப் போன கணவர் வீடு திரும்பவில்லை என்று புகார் கொடுக்கப் போனேன். அங்கிருந்த ஏட்டு ஒரு தாளை நீட்டி எழுதச் சொன்னார். காலையில் என்ன பேசினோம், எதற்குச் சண்டை போட்டோம், எப்படிச் சிரித்துவிட்டுப் போனார் என்று எழுதிக்கொண்டே போனேன். வாங்கிப் படித்த ஏட்டு, "என்னம்மா, புகார் கேட்டா கதை எழுதியிருக்கீங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மனுஷர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

தேடுகிறோம், தேடுகிறோம் என்று இழுத்தடித்தார்கள். நீங்கள் கிழித்தது போதும், நானே கண்டுபிடிக்கிறேன் என்று எழுத உட்கார்ந்தேன். காணாமல் போன கணவன், தேடி அலையும் மனைவி, நடுவில் ஒரு கொலை. கடைசி அத்தியாயத்தில் அவன் கதவைத் தட்டுவான். காதல் மர்ம நாவல் என்று அச்சிட்டார்கள், பிய்த்துக்கொண்டு போனது. ஒன்று ஐந்தானது. ஐந்திலும் ஆள் வந்துவிட்டான். என் வீட்டுக்குத்தான் வரவில்லை.

ஆறாவது நாவலுக்குப் பதிப்பாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதாம். இந்த முறை அவன் பிணமாகத்தான் கிடைக்க வேண்டுமாம். முடியாது என்று போனை வைத்துவிட்டேன். என் கையால் அதை எழுதினால், கணவரை நானே கைகழுவிய மாதிரி ஆகிவிடாதா?

மாமியாரிடம் சொல்லிப் பொருமினேன். என் நாவல்களைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கிறவர் அவர். மகன் காணாமல் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள்.

"அவங்க சொல்றபடியே எழுதும்மா" என்றார்.

"அத்தை, அவர் உங்க பிள்ளை."

"அதனாலதான் சொல்றேன். உயிரோட இருக்கிறவனுக்காக அழக் கூடாதுன்னு இத்தனை வருஷமா அடக்கி வச்சிருக்கேன். எனக்கும் வயசாயிடுச்சு. ஒரு தடவையாவது அழுதுட்டுப் போறேன்."

எழுதினேன். பிணவறையில் மனைவி அடையாளம் காட்டும் இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தார். என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவர் மடியில் விழுந்து, புருஷனைப் பறிகொடுத்தவளாக முதல் தடவை அழுதேன்.