கார்க் காட்சிக்கு ஏழு வெற்றுப் பக்கங்கள்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் படத்தின் விமர்சனங்களை வெளியிடலாம் என்று ஸ்டுடியோ கெடு வைத்திருந்தது. ஒன்பதே முக்காலுக்குள், திரைக்கதை எழுதிய ஆன்செல் புரூயிட் பதினான்கு விமர்சனங்களைப் படித்துவிட்டான். காபி ஆறிப்போயிருந்தது.

பதினான்கு பேரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே எழுதியிருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொள்ளும் கதை அரதப்பழசு, துரத்தல்கள் கொட்டாவி, ஆனால் காருக்குள் நடிகர்கள் ராய்ஸ் டில்மனும் பென்னியும் சண்டைபோடும் ஏழு நிமிடம் அபாரம். 'நடிகர்கள் தாங்களாகவே பேசிய அந்த ஏழு நிமிடம்தான் சோப்ளாங்கித் திரைக்கதையைக் காப்பாற்றுகிறது.'

தாங்களாகவே! அந்த ஏழு நிமிடத்துக்கான ஏழு பக்கங்களை ஆன்செல் பதினொரு முறை திருத்தி எழுதியிருந்தான்.

"நான் செத்தா என் பொண்டாட்டிகிட்ட நீதான் போய்ச் சொல்லணும்."

"அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாதேப்பா. தயவுபண்ணி சாகாத."

முதல் வரிக்கு முன் ராய்ஸ் இருமுவதுகூட அவன் எழுதியதுதான். கொட்டாவி வரவழைத்த துரத்தல்களோ ஸ்டுடியோ நீட்டச் சொன்னவை.

இரண்டாம் பாகத்தை யார் எழுதுவது என்று பதினொரு மணிக்கு ஸ்டுடியோ முடிவெடுக்கப்போகிறது. மேசையில் இந்தப் பதினான்கும் இருக்கும். அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுத்தாளன் விமர்சகரைக் கூப்பிடவே கூடாது என்று தெரிந்தும், பதினான்கு பேரில் ஒருவரான குவெண்டலின் மார்ஷைக் கூப்பிட்டான்.

"அவங்களே பேட்டியில சொன்னாங்களே, எல்லாம் அந்த நிமிஷம் தோணினதுன்னு," என்றார் அவர்.

"படம் வரும்போது எல்லா நடிகரும் அப்படித்தாங்க அளப்பாங்க!"

"சரி, இல்லைன்னு ஸ்டுடியோவைச் சொல்லச் சொல்லுங்க. இப்பவே திருத்தம் போடறேன்."

ஸ்டுடியோவா சொல்லும்? அந்தப் பேட்டியை ஏற்பாடு செய்ததே அவர்கள்தான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் மார்ஷ். "அந்த இருமலுமா?"

"அந்த இருமலும்."

"அடக் கடவுளே. நடிப்போட உச்சம்னு அதத்தானே எழுதியிருக்கேன்."

திருத்தம் வரவில்லை.

பதினொன்றரைக்கு அவனுடைய ஏஜென்ட் கொரீன் அழைத்தாள். "வேலை உனக்குத்தான்டா! துரத்தல் எழுத உன்னை விட்டா ஆளில்லையாம்."

"துரத்தலா?"

"ஆமா. கார்க் காட்சிக்கு மட்டும் ஏழு பக்கம் வெறுமனே விட்டுடணுமாம். அதை அவங்க ரெண்டு பேரும் பாத்துப்பாங்களாம். விமர்சகர்களே சொல்லிட்டாங்களே."

"கொரீன், அதை எழுதினது நான்."

"எனக்குத் தெரியும். முரண்டு பிடிக்காம கையெழுத்துப் போடு."

போட்டான். எழுதினான். ஏழு பக்கங்களை வெறுமனே விட்டான். யாரும் கேட்காமலே அந்தக் காட்சிக்கு வேறு ஏழு பக்கங்கள் எழுதி, தன்மேலேயே எரிச்சலோடு மேசை இழுப்பறைக்குள் தள்ளினான்.

அடுத்த ஏப்ரலில் படப்பிடிப்புத் தளத்திலிருந்து ராய்ஸ் கூப்பிட்டான்.

"ஆன்செல், கார்க் காட்சியில ஏழு பக்கம் வெள்ளையா இருக்கே. அச்சுல விட்டுப்போச்சா?"

"இல்ல. அங்க நீங்களாவே பேசணுமாம்."

"எவன்டா சொன்னது?"

"நீதான். பேட்டியில."

ராய்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "விளையாடாதடா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. பென்னி வேற என் மூஞ்சியவே பாக்கறான். நான் என்ன சொல்லணும்?"

போனை வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆன்செலின் கை இழுப்பறையைத் திறந்தது.

"எழுதிக்க," என்றான். "முதல்ல இருமு."