உள்ளானுக்குக் காப்பு

சுந்தரராமனுக்குத் தமிழ்ப்பற்று கொஞ்சம் தூக்கல். வாரம் முழுக்க வங்கியில் இங்கிலீஷில் எழுதித் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கரணைச் சதுப்பான கழுவெளிக்குப் பறவை பார்க்கப் போனால் மட்டும் பைனாக்குலரை ‘இருகண்ணோக்கி’ என்பார். பறவையைப் பிடித்து, காலில் நம்பர் போட்ட அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலைக்கு ‘ரிங்கு போடறது’ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அது அவருக்குக் காதில் ஈயம். 1986 டிசம்பரில் ஒருநாள், ராஜகீழ்ப்பாக்கம் முனையில் ஸ்கூட்டர் திரும்பும்போது அவருக்கு ஒரு சொல் உதித்தது: காப்பு. குழந்தை கைக்குப் போடுகிறோமே, அதுபோல உள்ளான் குருவியின் காலுக்கு. ஆகா என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார்.

அவருக்கு வலை கட்டியவன் சவுரிமுத்து. கழுவெளி ஓரத்து ஆள். முன்பு கண்ணி வைத்துப் பறவை பிடித்து விற்றவன். இரண்டு வருஷமாக, மாதா மேல் சத்தியம் செய்து அதை விட்டிருந்தான். காற்றைப் பார்த்தே உள்ளான் கூட்டம் எந்தத் திட்டில் இறங்கும் என்று சொல்லுவான். வலையில் சிக்கியதை அவன் எடுத்தால் ஓர் இறகு உதிராது. சுந்தரராமன் எடுத்தால் பறவையும் கத்தும், அவரும் கத்துவார்.

அந்த மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வடக்கே ஒரு பறவை ஆராய்ச்சி நிலையத்துக்கு வலை கட்ட ஆள் தேவை. நிரந்தர வேலை, மாதச் சம்பளம், குடியிருக்க வீடு. அதிகாரி ஞாயிறு காலை நேரில் வந்து சவுரிமுத்துவைப் பார்ப்பார். சுந்தரராமனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒழுகும் குடிசையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு கிடப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வேலை விஷயத்தை முன்னாலேயே சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனார். அவன் இல்லை. மனைவி தனம் மட்டும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அவனைக் கழுவெளிக்கு வரச் சொல்லும்மா. பெரிய ஆபீசர் ஜீப்ல வர்றார். காப்பு போடணும். எங்கேயும் போயிடப் போறான்!”

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். தனத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் சவுரிமுத்து வரவில்லை. அதிகாரி ஒன்பது மணிவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். வேலை வேறு யாருக்கோ போனது. சுந்தரராமனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. நன்றி கெட்ட ஜென்மம் என்று திட்டினார். அவன் வீடு அங்கிருந்து ஒரு மைல்கூட இல்லை. போய் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரோஷக்கார மனுஷன், கேட்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து, குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தனம் கொய்யா விற்றுக்கொண்டிருந்தாள். அவர்தான் அடையாளம் கண்டு, சவுரிமுத்து எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

“இன்னாத்துக்கு கேக்கற? மறுபடி புட்ச்சிக் குடுக்கவா?”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நீதான சார் வூடு தேடி வந்து, ஆபீசர் ஜீப்ல வராரு, காப்பு போடணும்னு சிரிச்சிகினே சொல்லிட்டுப் போன? கிறிஸ்மஸ்க்கு புள்ளைங்களுக்கு துணி எடுக்கணும்னு அந்த வாரந்தான் நாலு கிளுவ வாத்த புட்ச்சி வித்திருந்தாரு. போலீசு கையில காப்பு மாட்டப் போவுதுன்னு, வலைய எல்லாம் அடுப்புல போட்டுட்டு அன்னிக்கே ஓடிட்டோம். திரிசூலத்துல இன்னும் கல்லு ஒட்ச்சிகினு கீறாரு.”

 சுந்தரராமன் ஒருவழியாகச் சொன்னார். காப்பு பறவைக்கு. ஆபீசர் வேலை கொடுக்க வந்தவர். வீட்டோடு வேலை.

தனம் கையிலிருந்த கொய்யாவைத் தராசுத் தட்டில் வைத்தாள்.

“ரிங்குன்னு சொல்லியிருந்தா இன்னா சார்?”

அவர் கைகூப்பினார்.

“நானே வந்து அவன்கிட்ட சொல்றேன் தனம். கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்.”

“வேணாம் சார்.” அவள் பதறி எழுந்துவிட்டாள். “சாரு காட்டிக் குட்த்துட்டாருன்னு ஏழு வருசமா உன்ன திட்டிகினேதான் கல்லு ஒடிக்கறாரு. வேலை குடுக்க வந்தவங்களப் பாத்து தானே பயந்து ஓடிட்டோம்னு தெரிஞ்சா, அந்தாளு அப்பிடியே ஒக்காந்துடுவாரு. உன்ன திட்டிகினே இருக்கட்டும் சார். உனக்கு ஒண்ணும் ஆவாது.”

கொய்யா வாங்க யாரோ வந்து நின்றார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கல்லை எடுத்தாள்.

“சரிம்மா,” என்றார் சுந்தரராமன். “திட்டட்டும்.”